எடுக்காத பொட்டலம்

செம்மேட்டில் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதார் திருத்தம் என்று மலையில் யாராக இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் என் கடைப் படியேறித்தான் ஆகவேண்டும். ஒன்பது மாதம் கடை பூட்டிக் கிடந்தது. போன மாதம்தான் திறந்தேன். திறந்த நாளிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கையிலிருக்கும் தாளை நீட்டுவதற்கு முன்னால் கேட்கிறார்கள்: "ஏனுங்க வசந்தி, உங்களுக்கு அது எதனாலங்க வந்துச்சு?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டால் தங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா, அந்த அக்கறைதான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். கேட்கிறவர் கையில் ஒரு பிரதியைத் திணித்து அனுப்பிவிடலாம். இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வந்தது களைப்பு. கடைக்குப் பதினோரு படி. நாலாவது படியில் உட்கார ஆரம்பித்தேன். பிறகு பல் தேய்த்தால் ரத்தம். பேஸ்டை மாற்று என்றார்கள், மாற்றினேன். என் வீட்டுக்காரர் சேகர் குட்டியானை வண்டியில் மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறவர். ஒருநாள் ஈரத் தரையில் நான் வழுக்கியபோது சட்டென்று கையைப் பிடித்து நிறுத்தினார். மறுநாள் காலை அவருடைய ஐந்து விரலும் என் கையில் நீலமாகப் பதிந்திருந்தன. கடைக்கு வந்த பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோழியைக்கூடக் கல்லெடுத்து விரட்டாத மனுஷனுக்குப் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பெயர் ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் விழுங்கினேன். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பரிசோதனை செய்கிறவர் தாளைப் பார்த்துவிட்டு, "மெஷின் தப்பாக் காட்டுதுங்க, இன்னொருக்கா எடுத்துப் பாத்தர்லாம்" என்றார். இன்னொரு முறை எடுத்தார். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேகரைத்தான் பார்த்தார். "உடனே மலையை எறங்கிருங்க."

எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. சேகர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். மிச்சமிருந்த வளைவு அத்தனையிலும் அதே வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்லைன்னா ஏனுங்க இவ்வளவு வேகமா ஓட்டறீங்க?"

அடிவாரம் வந்தபோது துண்டு முழுக்கச் சிவந்திருந்தது.

கீழே ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, அங்கிருந்து தூரத்து ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ எழுதப்போவதில்லை. பணம் எவ்வளவு ஆனது என்றும் எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் இந்தத் தாளை வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

காத்திருப்பு அறையில் எல்லோரும் ஒருவரையொருவர் நோட்டம் விடுவார்கள். யாருக்கு முடி கொட்டியிருக்கிறது, யார் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார், நம்மைவிட மோசமா, பரவாயில்லையா. நானும் பார்த்தேன். நம்மைவிட மோசமாக ஒருவர் தென்பட்டால் மனதுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி உள்ளேயிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் இழுக்கும்போது அந்த இழுப்பு குதிகால்வரை தெரியும். நாலு நாளில் முடிவு வந்தது. ஏப்ளாஸ்டிக் அனீமியா. எளிதாகச் சொல்கிறேன். எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. ரத்தம் அங்கேதான் உற்பத்தியாகிறது. காற்றைச் சுமக்கும் சிவப்பணு, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு, எங்காவது கசிந்தால் அடைக்கிற தட்டணு, மூன்றும் அங்கிருந்துதான் வரவேண்டும். என் மஜ்ஜையில் அணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பு இருந்தது. யாரும் வேலைக்கு வராத பட்டறை மாதிரி.

விஷயம் மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் காரணங்கள் வர ஆரம்பித்தன. ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று ஒருவர். மிளகுக்கொடிக்கு அடித்த மருந்து என்று ஒருவர். மாமியார் செத்தபிறகு ஒழுங்காகப் படையல் போடவில்லை என்று சேகரின் அக்கா. கல்யாணமாகிப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லாதபோதே தெரிந்திருக்க வேண்டும் என்று இன்னொரு மகராசி. படுத்துக் கிடப்பவளுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

இவர்கள் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி ஒன்று எனக்கிருந்தது. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஜெயந்தி. இந்த மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; அவளைப் பைல் நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தங்கை என்றால் கால்மணி நேரத் தங்கை. நாங்கள் இரட்டை. எடப்புளி நாட்டில் நாங்கள் வளர்ந்த காலத்தில் எங்களைப் பெற்றவளே எங்கள் கை மச்சத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதே ஓடைத் தண்ணீர், அதே சாமைச் சோறு, அதே அம்மைக் காய்ச்சல். மிளகுக்கொடிக்கு மருந்து அடிக்கிறவள் அவள்தான், நான் இல்லை. அப்புறம் ஏன் அவள் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே படுத்திருக்கிறேன்?

இதை ரத்த நோய் டாக்டரிடம் கேட்டேன். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. எப்போதும் அவசரத்தில் இருப்பவர், அன்றைக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்க மஜ்ஜைய அழிச்சது வெளியிலேருந்து வந்த கிருமி இல்லம்மா. உங்க காவல் அணுக்கள்தான். கிருமியப் பிடிக்க வேண்டியது, உங்க மஜ்ஜையவே எதிரின்னு நெனச்சுக்கிச்சு."

"அதுக்கு யாருங்க அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. எந்தக் கிருமி வரும்னு உடம்புக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால காவல் அணு ஒவ்வொண்ணையும் செய்யும்போது கொஞ்சம் துண்டுகளக் குலுக்கி, கைக்கு வந்தத ஒட்டி அனுப்பிரும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா இருக்கும். எந்தக் கிருமி வந்தாலும் ஏதாவது ஒரு காவல் அணுகிட்ட அது மாட்டும். அப்படிக் கண்ண மூடிக்கிட்டு ஒட்டறதுல சிலது நம்ம உடம்பையே பிடிக்கிற மாதிரி அமைஞ்சுரும். பெரும்பாலும் அதைக் கண்டுபிடிச்சுக் கழிச்சுரும். சிலது தப்பிச்சுரும்."

"என் தங்கச்சிக்கும் அதே உடம்புதானுங்களே?"

"துண்டுகள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். குலுக்கறது தனித்தனி. அவங்களுக்கு வேற விழுந்துது, உங்களுக்கு இது விழுந்துது. அதுக்கு மேல என்ன தூண்டிவிட்டுச்சுன்னு தேடிப் பாத்தோம். ஒண்ணும் கிடைக்கல."

"அப்ப சும்மா வந்துதுங்களா?"

"சும்மான்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். ஆனா அதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. அந்தக் குலுக்கல் இல்லைன்னா நீங்க சின்ன வயசுலயே ஏதாவது ஒரு ஜுரத்துல போயிருப்பீங்க. முப்பத்தி நாலு வருஷம் உங்களக் காப்பாத்தினதும் அதுதான்."

அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரே மூலத்தை வைத்து நூறு பிரதி எடுத்தால் ஏதோ ஒன்றில் எங்கிருந்தோ ஒரு கரும்புள்ளி விழும். உருளையைத் துடைத்துப் பார்ப்பேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. அடுத்த பிரதி சுத்தமாக வரும். புள்ளி விழுந்ததைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பேன். ஒருநாளும் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. இந்தத் தடவை கசங்கிக் கிடந்தது நான்.

ஊரார் சொன்ன காரணங்களாவது பரவாயில்லை, கோபப்பட ஒரு முகம் இருந்தது. டாக்டர் சொன்னதற்கு முகமே இல்லை.

காலையில் ரத்தம் எடுப்பார்கள், பத்து மணிக்கு எண் வரும். ஒன்றரை லட்சமாவது இருக்கவேண்டிய தட்டணு ஒன்பதாயிரம். மறுநாள் பதிமூன்றாயிரம். சேகருக்குக் காலே தரையில் இல்லை. நேற்றுக் கொடுத்த மாதுளைதான் வேலை செய்தது என்று இன்னும் இரண்டு கிலோ வாங்கி வந்தார். அதற்கடுத்த நாள் எட்டாயிரம். மாதுளைமேல் இருந்த நம்பிக்கை போய், ஜன்னலைத் திறந்து வைத்ததால் குறைந்தது என்றார். எண் ஏறினால் ஒரு காரணம், இறங்கினால் ஒரு காரணம்.

ஒருநாள் என் சீட்டு இரண்டாகப் பதிவாகி, ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு முறை மெஷினில் போட்டுவிட்டார்கள். ஒன்றில் பதினோராயிரம், இன்னொன்றில் பதினாலாயிரம். சேகர் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். டாக்டர் சிரித்துவிட்டார். "இவ்வளவு கம்மியா இருக்கும்போது எண்ணறதுலயே ஆட்டம் இருக்கும். உடம்புலயும் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. ஒருநாள் எண்ண நம்பாதீங்க, போற போக்கப் பாருங்க." அதற்கப்புறமும் சேகர் பத்து மணிக்குக் கதவருகே போய் நிற்பதை விடவில்லை. எதைச் செய்தால் பெண்டாட்டி பிழைப்பாள் என்று தேடுகிற மனுஷனிடம் போய் ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவது?

மருந்தால் காவல் அணுக்களை அடக்கிப் பார்க்கலாம், ஆனால் எனக்கு இரட்டை இருப்பதால் அதைவிட நல்ல வழி உண்டு என்றார் டாக்டர். என்னுடைய காவல் அணுக்களை மருந்தால் அழித்துவிட்டு, ஜெயந்தியின் மஜ்ஜையை ஏற்றுவது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்பதால் அச்சு அசலாகப் பொருந்தும். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். சில நாள் வலி இருக்கும், எடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும். ஆனால் எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்துவிட்டதால் தள்ளிப்போட முடியாது என்றார்.

ஜெயந்தி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அவள் புருஷன் முருகேசனோடு வந்தாள். கிருமி தொற்றாமல் என்னைக் கண்ணாடி போட்ட தனியறையில் வைத்திருந்ததால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நல்ல நிறமாக இருந்தாள். என் முகம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தாள். அவளைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விட்டாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, டாக்டர் சொல்லிவிட்டார், அவள் என் இரட்டை, கொடுப்பாள் என்றிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து முருகேசன் சேகரைக் கூப்பிட்டு, தன் அம்மா சம்மதிக்கவில்லை என்றான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால் ஜெயந்திக்கு முதுகு கூனிவிடும், அடுத்த பிள்ளை தங்காது என்றாராம். நானே ஜெயந்தியின் மாமியாருக்குப் போன் போட்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ நல்லா இருக்கோணும்னு நாந்தான் கண்ணு தெனமும் வெளக்குப் போடறேன். ஆனா இது இன்னொரு உசுரோட எலும்பு. சாமி உத்தரவு இல்லாம நான் எப்படிக் கண்ணு அனுப்புவேன்? பூக் கேட்டுப் பாக்கலாம். வெள்ளை வந்தா நானே கூட்டிட்டு வாரேன்."

மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பொண்ணெடுக்க, விதை போட, ஆபரேஷன் செய்ய, எதுவானாலும் குலசாமியிடம் பூக் கேட்பது வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ வைத்துப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் செய்யாதே. ஜெயந்தி வீட்டுக் கோயிலில் பொட்டலம் கட்டுவது கேட்கிற பக்கத்து ஆள், எடுப்பது கொடுக்கிற பக்கத்து ஆள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. எடுத்தவரே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும்.

போனைப் படுக்கையில் எறிந்தேன். ஒரு குலுக்கலில் என் மஜ்ஜை போயிற்று. தினமும் பத்து மணிக்கு ஒரு எண் என்னை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு செவ்வரளிப் பூ என்னைச் சாகச் சொல்லலாம், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பொட்டலம் கட்டப் போகவேண்டியவர் சேகர். கிளம்புவதற்கு முன்னால் கிட்டே வரச் சொன்னேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சுக் கட்டுங்க."

அவர் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. "சாமி கோயிலு புள்ள."

"தெரியுமுங்க."

"கை நடுங்கும் எனக்கு."

"நடுங்கட்டும். என்னைய வச்சுக் குலுக்குனது போதும். இன்னொரு குலுக்கலுக்கு நான் கழுத்த நீட்டமாட்டேன்."

அவர் போனார். கட்டினார். பூசாரி பொட்டலங்களை வாங்கிக் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். ஜெயந்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை நந்தியாவட்டை. அவள் மாமியார் அங்கேயே குலவை போட்டாராம். இன்னொன்றை ஜெயந்தி மடியில் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனாளாம். இதையெல்லாம் சேகர் போனில் சொன்னார். எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் வரவில்லை. சாமியை ஏமாற்றியதாகக்கூடத் தோன்றவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒன்றை நானே நடத்திவைத்த மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மஜ்ஜை ஏற்றுவது பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. அதற்கு முந்தைய மருந்துதான் ஆளைக் கொல்லும். வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது, தலையில் ஒரு முடி இல்லை. ஏற்றுகிற நாளில் ஒரு பையில் அடர்சிவப்பாக ரத்தம் மாதிரி வந்தது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது, அவ்வளவுதான். அதே மாடியில் மூன்று அறை தள்ளி ஜெயந்தி குப்புறப் படுத்திருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று செவிலியைக் கேட்டேன். "ஒண்ணும் பேசலக்கா. வலிக்குதான்னு கேட்டதுக்கும் ஒண்ணும் பேசல" என்றாள். மூன்றாம் நாள் ஊருக்குப் போய்விட்டாள். என்னை வந்து பார்க்கவில்லை. கிருமி தொற்றும் என்று விட்டிருக்கமாட்டார்கள் என நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் காத்திருப்பு. வெள்ளையணு பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். சேகர் லாட்ஜ் அடுப்பில் சாமைச் சோறு குழைய வேகவைத்து, டாக்டர் சொன்னபடி சூடு ஆறாமல் கொண்டுவருவார். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. குழைந்துவிட்டது என்று திட்டுவேன். மறுநாள் குழையாமல் கொண்டுவந்தால் தொண்டையைக் கிழிக்கிறது என்று திட்டுவேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. மலை வாழைப்பழம் கொடுக்கக்கூடாது என்று செவிலி தடுத்துவிட்டதால் அந்தச் சீப்பைக் கண்ணாடிக்கு வெளியே தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றார் ஒருநாள். அதைப் பார்த்துத்தான் முதல்முறை அழுதேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் எகிறியது. சேகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் அழுதார். "நாந்தான் புள்ள கட்டுனேன். சாமி கேக்குது."

"கேக்கறதா இருந்தா என்னையக் கேக்கட்டும். நீங்க ஏனுங்க அழுவறீங்க?" என்று கத்தினேன். வாய்ப்புண்ணில் ரத்தம் வந்தது.

இந்தக் கட்டத்தில் காய்ச்சல் வராதவர்கள்தான் குறைவு என்றார் டாக்டர். ஏறிய அணுக்கள் ஒட்டுமா என்று கேட்டேன். "ஒவ்வொரு தாய் அணுவும் ரெண்டாப் பிரியும்போது, அது தாயாவே இருக்குமா, ரத்த அணுவா மாறுமான்னு பாதி அந்த நேரத்துச் சந்தர்ப்பம்தாம்மா. ஒரு அணுவை மட்டும் பாத்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இது கூட்டம். தனித்தனியா எப்படி விழுந்தாலும் மொத்தத்துல பெரும்பாலும் சரியா வந்துரும். உங்களுக்கும் வரும்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்." வந்த நாளிலிருந்து எனக்கு ஆறுதல் சொன்னவர்களில், நான் நம்பியது இந்த வார்த்தையைத்தான். சத்தியம் பண்ண மாட்டேன் என்றதால்.

பதினாறாம் நாள் நூறு. மறுநாள் பூஜ்யம். அப்புறம் இருநூறு, நூற்றைம்பது, நானூறு. ஐநூறைத் தாண்டி மூன்று நாள் சேர்ந்தாற்போல நின்றால்தான் ஒட்டியது என்று நம்புவேன் என்றார் டாக்டர். நின்றது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சேகர் தாளைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மலைக்குத் திரும்பிச் சில மாதம் யாரையும் பார்க்காமல் இருந்துவிட்டு, ஜெயந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவளுக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டேன். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் மாமியார் ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா கண்ணு, சாமி வெள்ளை குடுத்துச்சு, நீ எந்திரிச்சு வந்துட்ட! நான் சொல்லாத ஆளில்ல. ஆடியில கெடா வெட்டிப் பொங்க வெச்சரோணும்."

சிரித்து வைத்தேன். அவர் காப்பி போட உள்ளே போனதும் ஜெயந்தி என்னை மிளகு மூட்டை போடும் அறைக்குக் கூட்டிப்போனாள். கூரைச் சட்டத்துக்குமேல் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே காய்ந்த இலைப் பொட்டலம். அவிழ்த்துக் காட்டினாள். பூ பழுப்பேறிச் சருகாகியிருந்தது. ஆனாலும் நந்தியாவட்டை என்று தெரிந்தது.

"ஓடைல விடலயா நீ?"

"விடத்தான் போனேன். வேண்டாம்னு சொல்ற பூவ ஒருக்காக் கண்ணுல பாத்துட்டு விடலாம்னு பிரிச்சேன்."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே."

"தெரிஞ்சுமா வந்து படுத்த?"

என் முகம் எதிரே நின்று என்னைப் பார்த்தது. அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரக் கேட்ட. எங்க மாமியாருக்குப் போன் போட்டுக் கேட்ட. பூவக் கேட்ட, அதையும் ஒழுங்காக் கேக்கல. என்னைய ஒருக்காக் கேட்டியா அக்கா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்னேன். கண்ண மூடிக்கிட்ட."

என் உடம்பில் குலுக்கிப் போட்டதற்கு யாரையும் கேட்க முடியாது. இவளைக் கேட்டிருக்கலாம். இவள் பூவும் இல்லை, பத்து மணி எண்ணும் இல்லை, என்னோடு பிறந்தவள். அவளையும் கையில் சிக்கிய ஒரு பொட்டலமாக நினைத்துத்தான் நான் கட்டச் சொன்னேன்.

"செவப்பு வந்திருந்தா?" என்று கேட்டேன். "நெசமாவே கட்டி, நெசமாவே செவப்பு வந்திருந்தா, வந்திருப்பியா ஜெயந்தி?"

"இப்பக் கேக்கறியா?" டப்பாவை மூடினாள். "தெனமும் எங்க மாமியா அந்தப் பூவப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லுது. நான் வாய மூடிக்கிட்டு நிக்கறேன். நீ பண்ணுனத நீயே சொல்லு. இந்த ஊட்டுக்கும் தெரியோணும், மலைக்கும் தெரியோணும். அப்பறம் வந்து கேளு. சொல்றேன்."

காப்பி வந்தது. குடித்தேன். புடவையை அவள் கையில் வாங்கவில்லை. மாமியார்தான் வாங்கிக்கொண்டார்.

இதுதான் நான் சொன்ன அந்த இன்னொரு காரணம். எனக்கு எதனால் வந்தது என்று கேட்டீர்கள். ஒன்றினாலும் இல்லை, சும்மா வந்தது. மெஷின் வெளிச்சத்தால் இல்லை, மாமியார் படையலால் இல்லை. என் உடம்பில் இப்போது ஓடுவது ஜெயந்தியின் ரத்தம். பிழைத்தது சாமி கொடுத்த வெள்ளைப் பூவால் இல்லை. சாமிக்கு வேறு பூக் கொடுக்க நான் வழியே விடவில்லை. கட்டியவர்மேல் யாரும் பாயவேண்டாம், கட்டச் சொன்னது நான். கடைக்கு வந்து என்னைத் திட்டுங்கள், காலை ஒன்பதிலிருந்து இருப்பேன்.

இன்றைக்கு நூறு பிரதி போட்டு முடித்துவிட்டேன். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நாளைக் காலைப் பஸ்ஸில் பைல் நாட்டுக்குப் போகிறேன். ஜெயந்தியின் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. முருகேசன் படித்துக் காட்டட்டும். அவர் கடைசி வரிவரை கேட்டு முடிக்கட்டும். என்னை என்ன சொல்லவேண்டுமோ சொல்லட்டும். அதுவரை களத்திலேயே நிற்பேன். அப்புறம் ஜெயந்தியைக் கூப்பிட்டுக் கேட்பேன்.